பள்ளி ஊடகக் குழுவில் விழா வீடியோ எடுத்துக்கொண்டே சினிமா கற்க முடியுமா?

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளியில் ஊடகக் குழு ஒன்று இருக்கிறது. ஆண்டு விழா, விளையாட்டு விழா ஆகியவற்றைப் பதிவு செய்வது, வாரம் ஒரு முறை ஐந்து நிமிடச் செய்தித் தொகுப்பு, ஓய்வு பெறும் ஆசிரியர்களின் பேட்டி, அவ்வளவுதான் எங்கள் வேலை. எனக்கோ இயக்கம், ஒளிப்பதிவு இரண்டில்தான் ஆர்வம். இந்தப் பருவத்தில் கேமராவைக்கூடத் தரவில்லை. ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

என் வயதில் வெளியே பலர் கைப்பேசியிலேயே குறும்படம் எடுத்துப் போட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். குழுவை விட்டு வெளியேறி நானும் அப்படித் தொடங்கலாமா, அல்லது இங்கேயே இருப்பதில் ஏதாவது பயன் உண்டா? வீட்டில் கேட்டால் "படிப்பைப் பார்" என்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

கூடவே ஒரு தொழில்நுட்பச் சந்தேகம். ஒரு பேட்டியைக் கைப்பேசியில் படமாகவும், தனி ரெக்கார்டரில் ஒலியாகவும் பதிவு செய்தோம். டைம்லைனில் தொடக்கத்தைச் சரியாகப் பொருத்தினால் உதடும் பேச்சும் ஒத்துப்போகின்றன. இருபது நிமிடம் கழித்து இரண்டும் வெவ்வேறு திசையில் போகின்றன. ஏன்?

பழைய_சுருள் எழுதியது:

வெளியே வா, தம்பி. விழா மேடையை முக்காலியில் கேமராவை நிறுத்திப் படம் பிடித்து யாரும் கதை சொல்லக் கற்றுக்கொண்டதில்லை. சபை நாகரிகம் வேண்டுமானால் கற்றுக்கொள்ளலாம். நான்கு நண்பர்கள், ஒரு கைப்பேசி, ஒரு மூன்று பக்கத் திரைக்கதை. முதல் படம் பார்க்கச் சகிக்காது. இரண்டாவது கொஞ்சம் தேறும். அந்தச் சகிக்காத முதல் படத்தை எவ்வளவு சீக்கிரம் எடுத்து முடிக்கிறாயோ அவ்வளவு நல்லது.

ஒலிப்பெட்டி எழுதியது:

முதலில் தொழில்நுட்பக் கேள்வி. உங்கள் சிக்கலுக்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

பெரும்பாலும் கைப்பேசிதான் குற்றவாளி. பல கைப்பேசிகள் வினாடிக்கு 30 பிரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) என்று சொல்லிக்கொண்டாலும் அந்த வேகத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் அல்லது கருவி சூடேறினால் பிரேம் இடைவெளி மாறும். எடிட்டிங் மென்பொருள் எல்லாப் பிரேமும் சமமான இடைவெளியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். படம் மெல்ல மெல்ல விலகும். இதற்குத் தீர்வு, கோப்பை எடிட்டிங்குக்கு முன்பே நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றுவது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அதற்கான தேர்வு இருக்கிறது. அடுத்த முறை பிரேம் வேகத்தைப் பூட்டிவைக்கும் கேமரா செயலியில் படம் எடுங்கள்.

இரண்டாவது காரணம், இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் நூலிழை அளவு வேறுபடுவது. இது சிறிய விலகல்தான், இருபது நிமிடத்தில் ஒன்றிரண்டு பிரேம் போகும். பேட்டியின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை கைதட்டிப் பதிவு செய்துவிட்டால் போதும். முடிவில் 0.1 வினாடி விலகியிருந்தால், 1,200 வினாடியில் அது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. ஒலியை அந்த அளவு நீட்டினால் எந்தக் காதுக்கும் தெரியாது.

மூன்றாவது, 44,100 ஹெர்ட்ஸில், அதாவது ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, பதிவானதை 48,000 என்று மென்பொருள் தவறாக எடுத்துக்கொள்வது. அப்படியானால் இருபது நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும், பேசுபவரின் குரலும் கீச்சென்று மாறிவிடும். நீங்கள் அதைச் சொல்லவில்லை, எனவே இது இல்லை.

இனி முதல் கேள்வி. ஒலியை உங்களிடம் தள்ளிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். மாணவர் குறும்படங்களை நடுவராக இருந்து பார்த்திருக்கிறேன். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். வசனம் புரியவில்லை என்றால் கைப்பேசியை எடுத்து நோண்டத் தொடங்கிவிடுகிறார்கள். திறந்த வெளியில் மைக்கின் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபெல் குறைகிறது. சுற்றுப்புற இரைச்சலோ அப்படியே நிற்கிறது. அறைக்குள் அதோடு எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். இந்த ஒரு செய்தி தெரிந்த இயக்குநர் நடிகரை எங்கே நிறுத்துவது, கேமராவை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதையெல்லாம் வேறு மாதிரி யோசிப்பார். மைக் சட்டகத்துக்குள் தெரியாமல் எவ்வளவு கீழே வரலாம் என்று ஒளிப்பதிவாளரோடு ஒரு நாள் சண்டை போட்டுப் பாருங்கள், ஷாட் பிரிப்பு தானாகப் புரியும்.

விழாக்களிலும் கற்க ஏராளம் உண்டு. மண்டபத்தின் கடைசி வரிசையில் கேமரா, மேடை சுமார் 14 மீட்டர் தள்ளி. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம், 24 பிரேம் வேகத்தில் ஏறக்குறைய ஒரு பிரேம். மேடை மைக்கிலிருந்து நேராக எடுத்த ஒலியையும் கேமரா மைக்கின் ஒலியையும் சேர்த்து வைத்தால் லேசான எதிரொலி கேட்பது அதனால்தான். இதை விழாவில் பார்த்துப் புரிந்துகொள்வது எளிது.

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன், நீங்கள் முதலில் சொன்னதுதான். பிரேம் வேகம் "மாறக்கூடியது" என்றே எழுதியிருக்கிறது. மாற்றி வைத்ததும் கடைசி வரை ஒத்துப்போகிறது.

பழைய_சுருள் ஐயாவுக்கு: நான் தம்பி இல்லை, தங்கை.

பழைய_சுருள் எழுதியது:

சரி தங்கையே, அறிவுரை மாறவில்லை. வெளியே வா.

வெட்டுமேசை எழுதியது:

பழைய_சுருளோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. இந்த இழையிலும் தொடர்கிறேன்.

பேட்டியை எடிட் செய்வதை யாரும் சினிமாப் பயிற்சியாகக் கருதுவதில்லை. நான் கருதுகிறேன். ஓய்வு பெறும் ஓர் ஆசிரியர் நாற்பது நிமிடம் பேசுகிறார். பள்ளி கேட்பது நான்கு நிமிடம். எதை முதலில் வைப்பது? அவர் பணியில் சேர்ந்த ஆண்டிலிருந்து தொடங்கினால் தூக்கம் வரும். வகுப்பில் மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்குத் தான் திணறியதை இருபத்தெட்டாவது நிமிடத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். அதைக் கண்டுபிடித்து முன்னால் கொண்டுவருவதுதான் திரைக்கதை வேலை. காகிதத்தில் எழுதும் திரைக்கதையில் வராத ஒரு நெருக்கடி இங்கே இருக்கிறது: இல்லாததை எழுதிச் சேர்க்க முடியாது, இருப்பதை வைத்தே கட்ட வேண்டும்.

அடுத்து வெட்டுகள். ஒரே கோணத்தில் பேசும் முகத்தில் ஒரு வாக்கியத்தை நீக்கினால் தலை சட்டென்று குதிக்கும். அதை மறைக்க அவருடைய கைகள், கரும்பலகை, பழைய வருகைப்பதிவேடு என்று இடைச்செருகல் ஷாட்டுகள் வேண்டும். முதல் பேட்டியில் எதுவும் இருக்காது, எடிட்டிங் மேசையில் திண்டாடுவாய். அடுத்த பேட்டிக்குப் போகும்போது யாரும் சொல்லாமலே கைகளைத் தனியாகப் படம் பிடிக்கச் சொல்லுவாய். எடிட்டராக இருந்தவர்கள் இயக்க வந்தால் படப்பிடிப்பில் தேவையானதை மட்டும் எடுப்பது இப்படித்தான்.

அடுத்தவர் பேசும் ஒலி முதலில் வந்து, அவர் முகம் அரை வினாடி கழித்து வருவதை முயன்று பார். பேட்டி தடதடவென்று போகாமல் வழுக்கிக்கொண்டு போகும். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்து பார்த்த சோதனை உனக்குத் தெரிந்திருக்கலாம். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்திலும், சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துயரத்தையும் கண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உன் செய்தித் தொகுப்பில் பேச்சைக் கேட்கும் மாணவர்களின் முகங்களை மாற்றி மாற்றி வைத்து நீயே சோதித்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர் உரைக்கு நடுவே கொட்டாவி விடும் முகத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து. (வைக்காதே.)

அந்த அடைப்புக்குறி வெறும் வேடிக்கைக்காக இல்லை. ஒருவர் இரண்டு இடங்களில் சொன்ன பாதி வாக்கியங்களை ஒட்டி அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக்குவது எடிட்டருக்கு மிக எளிது. பேட்டி கொடுத்தவர் பார்த்துவிட்டு "நான் இப்படிச் சொல்லவில்லையே" என்றால் அந்த வெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

விளையாட்டு விழா: கால்பந்தை இரண்டு கேமராவில் எடுக்கிறீர்களா? இரண்டையும் மைதானத்தின் ஒரே பக்கத்தில் வையுங்கள். ஒன்றை எதிர்ப்பக்கம் வைத்தால் இடமிருந்து வலம் ஓடிய அணி அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடம் ஓடும், தன் கோலுக்கே பந்தடிப்பது போல் இருக்கும். புத்தகங்களில் 180 டிகிரி விதி என்று வட்டம் போட்டு விளக்குவது இதைத்தான்.

நிழல்விளக்கு எழுதியது:

எல்லோரும் ஒலி, எடிட்டிங் என்று பேசுகிறீர்கள். அந்தப் பெண் கேட்டது ஒளிப்பதிவு.

கேமரா கையில் இல்லாவிட்டாலும் கற்கலாம். வகுப்பறையில் எடுத்த வீடியோக்களில் படம் முழுவதும் பட்டை பட்டையாக மினுக்குகிறதா என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 வினாடி என்று வைத்தால் ஒவ்வொரு பிரேமும் முழுத் துடிப்புகளையே பிடிக்கும், மினுக்கல் அடங்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120. தானியங்கி முறையில் விட்டால் கைப்பேசி தன் விருப்பத்துக்கு ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கும், மாட்டிக்கொள்வது எடிட்டர்.

வெள்ளைச் சமநிலையும், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பும், அப்படியே. பகல் வெளிச்சம் சுமார் 5,600 கெல்வின், பழைய டங்ஸ்டன் விளக்கு 3,200. ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வருவது இதனால்தான். ஏதாவது ஒன்றை அணையுங்கள் அல்லது மறையுங்கள். பேட்டி கொடுப்பவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்கும் வழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் எப்படித்தான் பரவியதோ தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டால் விலையில்லாத ஒரு பெரிய விளக்கு கிடைத்துவிடும்.

பழைய_சுருள் எழுதியது:

அருமை. ஷட்டர் வேகம், டெசிபெல், கெல்வின், எல்லாம் அருமை. இவ்வளவு பேரும் பேசியதில் "நடிகர்" என்ற சொல் நாற்காலி மாதிரி ஒரே ஒரு முறை, எங்கே நிறுத்துவது என்பதற்காக மட்டும் வந்திருக்கிறது.

இந்தப் பெண் இயக்க விரும்புகிறாள். பள்ளிப் பேட்டியில் யாரும் நடிப்பதில்லை. ஒரே வசனத்தை ஏழாவது முறை சொல்லும்போது உயிர் போய்விட்ட நண்பனிடம் என்ன சொல்லி அதை மீட்பது? அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு அடக்க முடியாமல் நிற்பவனை என்ன செய்வது? இரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி நடந்துகொண்டே சண்டை போட வேண்டும், யார் எந்த வசனத்தில் நகர வேண்டும்? செய்தித் தொகுப்பை ஆயிரம் வாரம் செய்தாலும் இதில் ஒன்றுகூட வராது. ஒலிப்பதிவில் கெட்டிக்காரியாகிவிட்டால் பள்ளி முடியும் வரை அவளை மைக்கோடுதான் நிற்க வைப்பார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெட்டுமேசை எழுதியது:

கடைசி வாக்கியம் உண்மை, மறுக்கவில்லை. நன்றாகச் செய்பவரிடமே அந்த வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது குழுக்களின் இயல்பு. பருவம் தொடங்கும்போதே அடுத்த பருவத்தில் தனக்கு எது வேண்டும் என்று கேட்டு வைக்க வேண்டும்.

ஆனால் பேட்டியில் இயக்கம் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகும் ஒரு மனிதரைப் பத்து நிமிடத்தில் இயல்பாகப் பேச வைப்பது இயக்கம்தான். "உங்களுக்கு இந்த வேலை பிடித்ததா?" என்று கேட்டால் "பிடித்தது" என்பதோடு முடிந்துவிடும். "வகுப்புக்குள் முதல் முறை நுழைந்த நாளைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, அவர் நிறுத்திய பிறகும் சில வினாடி பேசாமல் காத்திருந்தால், சொல்ல நினைக்காத ஒன்று வெளியே வரும். நடிகரிடமும் அந்தப் பொறுமைதான் வேண்டும்.

வசனம், நடிப்பு, நகர்வு மூன்றுக்கும் கதைப் படம் எடுக்கத்தான் வேண்டும். அதற்காக ஏன் வெளியேற வேண்டும்? மைக், முக்காலி, எடிட்டிங் கணினி எல்லாம் குழுவில்தானே இருக்கின்றன?

கணக்குவாத்தியார் எழுதியது:

நான் வேறொரு பள்ளியில் இப்படிப்பட்ட ஒரு குழுவுக்குப் பொறுப்பு. மேசையின் மறுபக்கத்திலிருந்து சில செய்திகள்.

பொறுப்புகளை நாங்கள் சுழற்சியில் கொடுக்கிறோம். கேமராவையே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வேண்டுமென்றே முதலில் ஒலி. உங்கள் பொறுப்பாசிரியரும் அப்படி நினைத்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.

குழு ஒரு கதைப் படத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்றால், "எங்களுக்குக் குறும்படம் எடுக்க ஆசை" என்று வந்து நிற்காதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: கதை நான்கு வரி, எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், யார் யார், என்ன கருவி, அவை எப்போது திரும்ப வரும். நான் முதலில் படிப்பது கடைசி வரியைத்தான். பள்ளிக்குத் தேவையான ஏதோ ஒன்றைக் கதையாக்கித் தந்தால் இன்னும் எளிது.

நடிப்பவர்கள் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். படம் முடிந்தபின் ஒருவர் வீட்டில் மறுத்துவிட்டால் மொத்த உழைப்பும் பெட்டிக்குள் போய்விடும். பிரபலத் திரைப்பாடலைப் பின்னணியில் போடாதீர்கள். பதிப்புரிமை உள்ள பாடல்களை அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பு அதைத் தானாகவே கண்டுபிடிக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிப்பது) உள்ள இசையை எடுத்தால் அதிலுள்ள நிபந்தனைகளைப் படித்து, இசையமைத்தவர் பெயரைப் போடுங்கள். பள்ளியிலேயே வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார், அவரைக் கேட்பது இன்னும் நல்லது.

கோப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. வினாடிக்கு 100 மெகாபிட் தரத்தில் பதிவு செய்தால் ஒரு நிமிடம் 750 எம்பி, நாற்பது நிமிடம் 30 ஜிபி. இரண்டு வெவ்வேறு வட்டுகளில் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்க்கும் வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது. எங்கள் குழுவில் இதற்கென்றே ஒருவர் உண்டு, அவர் கையெழுத்துப் போடாமல் கார்டு கேமராவுக்குத் திரும்பாது.

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பொறுப்பாசிரியரிடம் பேசினேன். சுழற்சி என்றெல்லாம் எதுவும் இல்லையாம், ஒலிக்கு ஆள் இல்லை அதனால் நீ என்றார். அடுத்த பருவத்துக்குக் கேமரா கேட்டு வைத்திருக்கிறேன்.

நூலக அறிமுக வீடியோ ஒன்று எடுக்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக அலமாரிகளைக் காட்டிப் பின்னணியில் ஒருவர் விதிகளைப் படிப்பார். அதை மூன்று நிமிடக் கதையாக்கலாமா என்று கேட்டேன், எழுதிக் கொண்டுவா என்றார். கதை இதுதான்: ஒரு மாணவி திருப்பித் தராத புத்தகம் ஒன்றை யாருக்கும் தெரியாமல் அலமாரியில் வைத்துவிட வருகிறாள். நூலகர் கவனித்துவிடுகிறார், ஆனால் எதுவும் கேட்கவில்லை. விதிகள் எல்லாம் அவர்கள் பேச்சிலேயே வந்துவிடும்.

ஒரு கேள்வி: நூலகத்தில் மின்விசிறிகள் பெரும் சத்தம். கதையில் இருவரும் கிசுகிசுவென்று பேச வேண்டும்.

ஒலிப்பெட்டி எழுதியது:

கிசுகிசுப்புதான் பதிவு செய்யக் கடினமானது. குரல் சன்னமாக இருப்பதால் மைக்கின் அளவை ஏற்றுவீர்கள், அதோடு விசிறியும் ஏறும். நூலகம் மூடியபின் அனுமதி வாங்கி விசிறிகளை அணையுங்கள். முடியாவிட்டால் காலர் மைக்கை உடைக்குள் வாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள், துணி உரசுகிறதா என்று ஹெட்போனில் கேட்டுக்கொண்டே. நடிப்பவர்கள் உண்மையான கிசுகிசுப்பாகப் பேச வேண்டாம், தாழ்ந்த குரல் போதும். முகபாவம் மீதியைச் சொல்லிவிடும். ரெக்கார்டரின் அளவுகாட்டியில் (அங்கே 0 என்பதே உச்ச எல்லை, தாண்டினால் ஒலி சிதையும்) உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெலை ஒட்டி நிற்கட்டும்.

ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் அதே இடத்தில் கேமரா இல்லாமல் வசனத்தை மட்டும் ஒரு முறை பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு எல்லோரும் அசையாமல் நிற்க, வெறும் அறையின் ஒலி முப்பது வினாடி. வெட்டுகளுக்கு நடுவே ஒலி விட்டுப்போன இடத்தையெல்லாம் அதை வைத்துத்தான் நிரப்புவீர்கள்.

நிழல்விளக்கு எழுதியது:

அலமாரிகளுக்கு இடையிலுள்ள சந்தில் எடுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் புத்தகங்களின் இடைவெளி வழியாக வரும். நூலகர் அந்த இடைவெளியிலிருந்தே பார்க்கலாம், தனியாக ஷாட் கட்டவே தேவையில்லை.

பழைய_சுருள் எழுதியது:

நூலகர் எதுவும் கேட்காமல் விடுகிறார் என்றால் அவர் வாயில் விதிகளை வைக்காதே, கதை அந்த இடத்திலேயே செத்துவிடும். விதிகள் சுவரில் தொங்கட்டும், இவள் ஒளிந்து நிற்கும்போது அவள் கண்ணில் படட்டும். நூலகராக யார் நடிக்கிறார்?

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

உண்மையான நூலகரே. ஒப்புக்கொண்டுவிட்டார். வசனம் குறைவாக இருந்தால்தான் வருவேன் என்றார்.

பழைய_சுருள் எழுதியது:

அப்படியானால் வசனமே வேண்டாம். மூன்று பக்கத்தையும் இங்கே போடு, ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டுத் திட்டுகிறேன்.